கைதியின் வீட்டையும் பூட்டுவது எந்த நீதி?

திருச்சிராப்பள்ளியின் புதுக்கோட்டைச் சாலை, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான சாலை. லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் பிள்ளைகளை வழியனுப்ப, வேன் பிடித்து, உற்றார் உறவினர் புடைசூழ, விமான நிலையத்திற்கு நாம் செல்வது அச்சாலை வழியேதான். மத்திய சிறைச்சாலையும் அதே சாலையில்தான் இருக்கிறது. விமான நிலையத்திற்குப் பதினைந்து பேர் செல்கிறோம். சிறைவாசலுக்கோ ஒரு தாய் தனியே வருகிறாள். பேருந்து மாறி மாறி, முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அஞ்சி அஞ்சி வருகிறாள். அவளுடைய அச்சம் சிறைக் காவலரைக் குறித்ததன்று. நம் ஊரார் எவர் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்பதே அவளுடைய அச்சம்.

சமுதாயப் பெரியோர்களே, அந்த அச்சத்தை அவள் உள்ளத்தில் விதைத்தவர்கள் யாவர்? நாமே. இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கசப்பாக இருக்கலாம். மருந்து இனிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒரு வீட்டுப் பிள்ளையைக் காவல்துறையினர் அழைத்துச் சென்றார்கள் என்ற செய்தி பரவியதும் நம் தெருக்களில் நடப்பது என்ன? அன்று மாலையே மளிகைக் கடையில் அவ்வீட்டுக் கணக்கு நின்றுவிடுகிறது. பேசி முடித்திருந்த பெண்ணின் திருமணம், “கொஞ்ச நாள் போகட்டும்” என்ற சொல்லோடு கைவிடப்படுகிறது. நிக்காஹ் அழைப்பிதழ் அவ்வீட்டைத் தாண்டிச் செல்கிறது. ரமளானில் ஜகாத் பெறுவோர் பட்டியலிலிருந்து அப்பெயர் ஓசையின்றி நீங்குகிறது. பள்ளிக்கூடத்தில் அவ்வீட்டுச் சிறுவனை மற்றப் பிள்ளைகள் எப்பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். நீதிமன்றம் ஒருவனைக் காவலில் வைத்தது. நாமோ ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தையே காவலில் வைத்துவிட்டோம். நீதிமன்றத்தின் உத்தரவுக்குத் தவணை உண்டு, மேல்முறையீடு உண்டு. நம் உத்தரவுக்கு அவை இரண்டும் இல்லை.

இதற்கு நாம் “மார்க்கப் பற்று” என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். மார்க்கம் இதைச் சொல்கிறதா? ஒருவர் பாவச்சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறை ஒரே ஓரிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்த செய்தியன்று. அன்ஆம், இஸ்ரா, ஃபாத்திர், ஸுமர், நஜ்ம் எனப் பல அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படும் அடிப்படை நீதி அது. ஒருவன் செய்த பிழைக்காக அவன் குலத்தையே பழிவாங்குவது அறியாமைக் காலத்து அரபிகளின் வழக்கம். அவ்வழக்கத்தை அழிக்க வந்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், அதே வழக்கத்தைப் பள்ளிவாசல் நிழலில் வளர்க்கலாமா?

இனி, கைதியைப் பற்றியே பார்ப்போம். ‘இன்சான்’ அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நல்லடியார்களின் பண்புகளைக் கூறுகையில், ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போர் என்று மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. நம் ஊர்களில் ஏழைக்கு ஜகாத் உண்டு. அநாதைக்கு நிலையங்கள் உண்டு. மூன்றாமவனுக்கு என்ன உண்டு? சிறைப்பட்டவனை விடுவிக்குமாறும், பசித்தவனுக்கு உணவளிக்குமாறும், நோயுற்றவனை நலம் விசாரிக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே மூச்சில் கட்டளையிட்டதை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) வாயிலாக இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் ஓயாது பேசுகிறோம். எஞ்சிய ஒன்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

“அது போர்க் கைதியைக் குறித்ததல்லவா?” என்று கற்றறிந்த ஒருவர் வினவலாம். வினவட்டும். அவ்வசனத்திலுள்ள ‘அஸீர்’ என்னும் சொல் சிறையில் அடைபட்டவரைக் குறிக்கும் என்று முஜாஹித் (ரஹ்) போன்ற தாபியீன்கள் விளக்கியிருப்பதைத் தஃப்ஸீர் நூல்களில் காணலாம். போர்க் கைதியையே குறிக்கும் என்று வைத்துக்கொண்டாலும் வாதம் வலுப்பெறுகிறதேயன்றித் தளரவில்லை. வாளேந்தி வந்த பகைவனுக்கே உணவளிக்கச் சொல்லும் மார்க்கம், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கைவிடச் சொல்லுமா?

சிறை புகுந்தாலே இழிவு என்ற எண்ணமும் நம் வரலாற்றை அறியாததால் விளைந்ததே. நபி யூசுஃப் (அலை) அவர்கள் பல்லாண்டு சிறையிருந்தார்கள். உடனிருந்து விடுதலை பெற்ற தோழனிடம், மன்னனிடம் தம்மைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். அவன் மறந்தான், சிறைவாசம் நீண்டது. வெளியே இருப்பவரின் மறதி உள்ளே இருப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் தண்டனையாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் பக்தாதில் சிறைப்பட்ட நிலையிலேயே மறைந்தார்கள் என்பர் வரலாற்றாசிரியர். இமாம் ஸர்கஸீ (ரஹ்) அவர்கள் ‘மப்ஸூத்’ என்னும் பெருநூலைச் சிறைக்குழியிலிருந்தபடி சொல்லச் சொல்ல, மேலே அமர்ந்து மாணவர்கள் எழுதினார்கள். சிறைப்பட்ட ஆசிரியரைத் தேடி அம்மாணவர்கள் வராதிருந்தால் ஹனஃபீ ஃபிக்ஹின் அப்பெரும் கருவூலம் நமக்குக் கிட்டியிராது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தபோதுதான், 1943 ஏப்ரலில், அவர்களுடைய துணைவியார் கல்கத்தாவில் காலமானார். கைதியின் மனைவி படும் துன்பம் எத்தகையது என்பதை நம் தலைவர்களின் இல்லங்களே அறியும்.

“அவர்கள் குற்றமற்றவர்கள். இவர்கள் அப்படியா?” என்பது அடுத்த வினா. இவர்கள் குற்றவாளிகள் என்று யார் தீர்ப்பளித்தார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் மீது தீர்ப்பே கூறப்படவில்லை. நீதிபதி இன்னும் எழுதாத தீர்ப்பைத் தேநீர்க் கடையில் நாம் எழுதிவிடுகிறோம்.

சரி, குற்றம் உறுதியானவன் என்றே கொள்வோம். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை நிற்காதீர்கள் என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை அளித்த அவையிலேயே அவர் ‘சகோதரர்’ ஆக இருந்தார். தண்டனை முடிந்து பத்தாண்டு சென்ற பின்னும் நம் அவையில் ஒருவன் ‘ஜெயிலுக்குப் போனவன்’ ஆகவே இருக்கிறான்.

பிறரை மட்டும் குறை கூறிவிட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். மகனுக்கு நீதிமன்றம் ஜாமீன் வழங்கிவிட்டது, பிணையாளர் இருவர் வேண்டும், ஒருவர் கிடைத்துவிட்டார், “ஹஜ்ரத், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் பிள்ளை வந்துவிடுவான்” என்றார். வீட்டு வரி ரசீது என் அலமாரியில்தான் இருந்தது. நான் அதைத் தேட வேண்டும் என்றேன். மறுநாள் வரச் சொன்னேன். மறுநாள் வெளியூர் சென்றேன். அவர் அப்புறம் வரவில்லை. ஜாமீன் கிடைத்தும் அம்மாணவன் மேலும் பல வாரங்கள் உள்ளே இருந்தான். அவ்வாண்டு மத்ரஸாவில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமா? ‘ஹிதாயா’வின் ‘கிதாபுல் கஃபாலா’ என்னும் பிணைப் பாடம்!

கஃபாலத்தில் ‘கஃபாலத் பின்னஃப்ஸ்’ என்றொரு வகை உண்டு. ஒருவரை உரிய வேளையில் நீதிபதியின் முன் கொணர்ந்து நிறுத்துவதாக ஏற்கும் பொறுப்பு அது. நீதிமன்றப் பிணையும் ஏறக்குறைய அதுவே. பிணையாளர், ‘இவன் குற்றமற்றவன்’ என்று சத்தியம் செய்வதில்லை. ‘அழைக்கும்போது இவன் வருவான்’ என்று பொறுப்பேற்கிறார். வராவிடில் பத்திரத்தில் குறித்த தொகைக்கு அவர் பொறுப்பாளி. இதை அறியாமல், கையெழுத்திட்டால் நாமும் குற்றவாளியாவோம் என்று நடுங்குகிறோம். மன்னனின் அளவுபாத்திரத்தைக் கொணர்பவருக்கு ஒட்டகச் சுமை தானியம் தர நானே பொறுப்பு என்று யூசுஃப் அத்தியாயத்தில் வரும் சொல்லை ஃபுகஹாக்கள் பிணைக்கு ஆதாரமாகக் காட்டுவர். சிறைவாசம் பற்றிப் பேசும் அத்தியாயத்திலேயே பிணைக்கும் ஆதாரம் இருப்பதைக் கண்டு பாடம் நடத்தினேன். ஆனால் நான் படிப்பினை பெறவில்லை.

ஏழைக்குப் பிணை எத்துணைப் பெரும் சுவர் என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே மோத்திராம் வழக்கில் எடுத்துரைத்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அந்த ஏழைக் கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்கப்பட்டது. பிணை நிற்க வந்த உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி அவரை ஏற்க மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, தொகையை ஆயிரம் ரூபாயாகக் குறைத்தார். 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தோருக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நிலைநாட்டியது. அவ்வழக்கு அக்கைதிகளுள் ஒருவரான ஹுஸைனாரா கத்தூன் என்னும் முஸ்லிம் பெண்ணின் பெயரால்தான் சட்ட நூல்களில் விளங்குகிறது. அப்பெயரை நம் பெண்மக்களில் எத்தனை பேர் அறிவர்?

ஆகவே, துன்பம் வந்த வீட்டார் செய்யவேண்டியவற்றை ஈண்டுச் சுருக்கமாகத் தருகிறேன். இவை சட்ட அறிஞரின் ஆலோசனைக்கு மாற்றாகா. முதல் சில நாட்களின் கலக்கத்தில் கைகொடுக்கும் ஊன்றுகோல் மட்டுமே.

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. கைதின் காரணத்தை அவருக்கும், கைதான செய்தியை அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதையே கூறுகிறது. எனவே அழுது புரள்வதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, எந்தச் சட்டப் பிரிவுகள், எத்தனை மணிக்குக் கைது, எந்த நீதிமன்றம், காவல் எந்தத் தேதி வரை, எந்தச் சிறை ஆகிய இவ்வேழையும் எழுதிக்கொள்ளுங்கள். எவர் உதவ வந்தாலும் முதலில் கேட்பவை இவைதாம். பிள்ளை பதினெட்டு வயது நிரம்பாதவனாயின் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ உடனே நடுவர் முன் காட்டச் செய்யுங்கள். சிறுவனைப் பெரியோர் சிறையில் வைத்தல் கூடாது.

அடுத்து வழக்கறிஞர். நகையை அடகு வைத்துத் தரகரிடம் கொடுப்பது நம்மவர் செய்யும் முதற்பிழை. ‘இன்ஸ்பெக்டரிடம் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று வருபவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர் எவராயினும், வருமான வரம்பின்றி, இலவச வழக்கறிஞர் பெற உரிமை உடையவர். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இது பிச்சையன்று, சட்டம் தந்த உரிமை. எழுதாத தாளில் ஒருபோதும் கையொப்பம் இடாதீர்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்கக் கூசாதீர்கள்.

மூன்றாவது, நாட்கணக்கு. பெரும்பாலான வழக்குகளில் 60 நாட்களுக்குள்ளும், மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். சில தனிச் சட்டங்களில் இக்கெடு நீளும். கெடு தவறினால் ஜாமீன் பெறுவது உரிமையாகிறது. ஆனால் அவ்வுரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. குற்றப்பத்திரிகை வருமுன் மனுச் செய்யவேண்டும். ஒரு நாள் தாமதத்தில் அது கைநழுவக் கூடும். நாட்காட்டியில் அந்நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். விசாரணை நீண்டுகொண்டே போனால், அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையில் பாதிக் காலமும், முன்பு தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்குக் காலமும் உள்ளே கழித்தவரை ஜாமீனில் விடுவதற்கு அதே சட்டத்தின் 479-ஆம் பிரிவு வழிசெய்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலிருப்போருக்கும் இது பொருந்தாது. ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க இயலாமல் ஒரு மாதம் கழிந்தால், நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானே முன்வந்து பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. பிணைத்தொகை செலுத்த வழியற்ற ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசின் திட்டமொன்றும் 2023-இல் தொடங்கப்பட்டது. இவற்றையெல்லாம் வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள்.

நான்காவது, நேர்காணல். அடையாள அட்டை இன்றிச் சிறைவாசலுக்குச் செல்லாதீர்கள். தடுக்கப்பட்ட பொருள் எதையும், எவர் கெஞ்சினும், கொண்டு செல்லாதீர்கள். ஒரு பீடிக்கட்டோ செல்பேசியோ உங்களையும் உள்ளே தள்ளிவிடும். கிடைக்கும் சில நிமிடங்களை அழுகையில் கரைக்க வேண்டாம். வழக்கு நிலை, வீட்டு நிலை, அவருடைய உடல்நலம் ஆகிய மூன்றையும் பேசுங்கள். அடிபட்ட காயம் இருப்பின் வழக்கறிஞர் வழியே நடுவரிடம் தெரிவியுங்கள். தாயின் நோயை மறைக்காதீர்கள். பின்னர் பிறர் வாய்வழி அறியும்போது அவருடைய நம்பிக்கை நொறுங்கும். நேரில் செல்ல இயலாத வாரங்களில் கடிதம் எழுதுங்கள். பிள்ளைகளிடம் “அத்தா சவூதிக்குப் போயிருக்கிறார்” என்று பொய் சொல்லாதீர்கள். தெரு ஒருநாள் உண்மையைச் சொல்லும். அன்று உங்கள் சொல் ஒவ்வொன்றும் பொய்யாகிவிடும்.

இவ்வளவும் வீட்டாரின் கடமை. இனி ஜமாஅத்தின் கடமையைக் கேட்கிறேன். ஹாரூன் ரஷீதுக்காகக் காழி அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூல், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைதிக்கு உணவும், கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடையும் பைத்துல் மாலிலிருந்து வழங்கச் சொன்னது. ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் எடுத்துக்கொள்வர், ஆதலால் மாதந்தோறும் பணமாகவே கொடுங்கள், நம்பிக்கைக்குரிய ஒருவர் பெயர் பெயராக அழைத்துக் கையில் கொடுக்கட்டும் என்றது. கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க விடாதீர்கள் என்றது. அத்தகைய நுண்ணிய அக்கறை நமக்கு முன்மாதிரியாக இருக்க, நம் பைத்துல் மால்கள் என்ன செய்கின்றன?

பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் வீட்டு வரி ரசீதும் அஞ்சா நெஞ்சமும் உடைய பத்துப் பேர், பிணை நிற்போர் பட்டியலில் தம் பெயரைத் தரட்டும். வழக்கு விவரம் குறித்து வைக்கவும் ஆணைக்குழு அலுவலகத்துக்கு உடன் செல்லவும் படித்த இளைஞர் இருவர் பொறுப்பேற்கட்டும். திருச்சிக்குச் செல்லும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும் பைத்துல் மால் ஏற்கட்டும். அக்குடும்பத்திற்கு ஜகாத் கொடுக்கலாமா என்று ஃபத்வா தேடி அலைய வேண்டாம். சம்பாதித்தவன் உள்ளே இருக்க, வீட்டில் அரிசி இல்லையெனில், அவர்கள் ஏழைகள் என்ற ஒன்றே போதும். விடுதலையாகி வருபவனுக்கு, பள்ளிவாசலில் முதல் ஸலாம் முத்தவல்லியிடமிருந்து கிடைக்கட்டும்.

சவூதிச் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த கோழிக்கோட்டு ஓட்டுநர் ஒருவருக்காக, 2024-இல் கேரள மக்கள் சாதி மத பேதமின்றி 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். அவ்வாண்டு ஜூலையில் அத்தண்டனை நீக்கப்பட்டது. செய்தியைப் படித்து நாம் கண்ணீர் மல்கினோம், பாராட்டினோம். பாராட்டத்தக்கதே. ஆனால் திருச்சியில் இருக்கும் நம் தெருப் பிள்ளைக்கு 34 கோடி வேண்டியதில்லை. இரண்டு கையொப்பங்கள் போதும். அதற்கு நம்மிடம் மை இல்லாமற் போனதேன்?

“குற்றவாளிக்கு ஆதரவளித்தால் குற்றம் பெருகும்” என்பாரும் உளர். தனித்துவிடப்பட்ட இளைஞனைச் சிறையில் தேடி வந்து தோளில் கைபோடுபவர் யார்? கைதேர்ந்த குற்றவாளியே. நாம் காலியாக விட்ட இடத்தில்தான் அவன் வந்து அமர்கிறான். “ஜமாஅத்தைக் காவல்துறை சந்தேகிக்கும்” என்பார் சிலர். சட்டம் வகுத்த பிணையைச் சட்டம் வகுத்த முறையில் கொடுப்பது மறைவுச் செயலன்று. திறந்த நீதிமன்றத்தில், நீதிபதியின் கண்முன் நடப்பது அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். குற்றத்தை மூடி மறைக்கவோ, சாட்சிகளை மிரட்டவோ, பாதிக்கப்பட்டவரை விலைபேசவோ நான் அழைக்கவில்லை. அவை ஹராம். அடிபட்டவர் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். அவள் எந்தச் சமயத்தவளாயினும் அவளுடைய நீதிக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். நீதி அதன் வழியில் செல்லட்டும். அதன் சக்கரத்தில் குற்றமறியாத மனைவியும் மக்களும் நசுங்காதிருக்கவே நம் கைகள் நீளவேண்டும்.

அந்த வீட்டு வரி ரசீதை நான் இப்போது அலமாரியின் மேல்தட்டிலேயே வைத்திருக்கிறேன். இனி வரும் தாய் மறுநாள் வரவேண்டியதில்லை. வாசகர்களே, உங்கள் ரசீது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். மறுமையில் அல்லாஹ்வின் முன் நிற்கும்போது நம் அனைவருக்கும் பரிந்துரை தேவைப்படும். இம்மையில் ஒருவருக்காகக் கையொப்பமிட அஞ்சிய கை, அன்று எதை ஏந்தி இரக்கும்?

சிறைப்பட்டோரின் துயர் களையவும், அவர்தம் இல்லங்களை ஆதரிக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.